எங்கள் மகள் வாசித்த பத்திரம்

எங்கள் வீட்டில் சட்டம் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. கூடத்துச் சுவரில் சட்டமிடப்பட்டுத் தொங்கிய சாச்சாவின் பட்டச் சான்றிதழ். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில், அஞ்சலில் வந்த பாடங்களை இரவில் படித்து, அவர் பெற்ற பி.ஜி.எல். பட்டம் அது. அலுவலகப் பதவி உயர்வுக்கு அது உதவியது. ஆனால் அந்தப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவுசெய்ய இயலாது. கறுப்பு அங்கி அணிய வேண்டுமானால் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் இருந்துகொண்டு, அதுவும் பெண் பிள்ளைகளைப் பற்றி, யார் அப்படி யோசித்தார்கள்?

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளின் வரலாறு பெரும்பாலும் தூரத்தின் வரலாறே. 1891இல் சென்னையில் ஒன்று. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்து 1970களில் மதுரை, திருச்சி, கோவை. 1997இல் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. 2002இல் அதற்கென்றே சீர்மிகு சட்டப் பள்ளி வந்தது. அங்கே இடம் கிடைக்க எடுக்க வேண்டிய மதிப்பெண்ணை நினைத்தாலே நம்மூர்ப் பிள்ளைகள் அன்று பின்வாங்கினர். கடலூருக்கு அருகே புதுச்சேரியில் ஒரு கல்லூரி இருந்தாலும் அது வேறு ஆட்சிப் பகுதி. 2017இல் விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களில் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு சட்டக் கல்லூரிகள் ஒன்றாகத் திறக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் சேலம், நாமக்கல், தேனியிலும் திறந்தார்கள். செய்தித்தாளில் இரண்டு பத்தியில் முடிந்துபோன அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள் வந்துசேர இன்னும் ஐந்தாண்டு ஆயிற்று.

2022இல் எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். சட்டம் படிக்கிறேன் என்றாள். நாங்கள் இருவரும் ஒரு வாரம் அதைக் காதில் வாங்காதவர்கள் போல இருந்தோம். அவளே எல்லாவற்றையும் கண்டறிந்து வந்தாள். ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்குள் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை. சட்டப் படிப்பும் அதில் அடக்கம். அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். அரசுப் பள்ளியில் சேர்த்ததற்காகச் சொந்தக்காரர்கள் எங்களைக் குறை கூறியது நினைவுக்கு வந்தது. விழுப்புரத்தில் இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்தச் செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அவள் கணக்குக்கு வரலாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலைப் பயணிகள் ரயிலில் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்குவாள். வாரந்தோறும் ஒரு புதிய சொல்லோடு வருவாள். மாதிரி நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பில் நின்று வாதாடிய கதையைச் சொல்லும்போது சோறு ஆறிப்போகும். 2024 ஜூலை முதல் நாள் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, ஏமாற்றுக்காரனை நாம் சொல்லும் 'ஃபோர் ட்வென்டி' இனி 318 என்று சிரித்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த டிசம்பரில், பழைய பத்திரம் ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து வாசித்துப் பழகுமாறு வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். இரும்பு அலமாரியிலிருந்து 2009ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தாள். பிறகு உள்ளே வந்து கேட்டாள்: "மாமிக்கு இந்த ஐம்பதாயிரத்தை எப்போது கொடுத்தீர்கள் வாப்பா?"

சொல்லத்தான் வேண்டும். வாப்பா வபாத்தானபோது விட்டுச்சென்றது இந்த வீடு மட்டும். வாரிசுகள் ஒரு மகன், ஒரு மகள். மூன்றில் இரண்டு பங்கு மகனுக்கு, ஒரு பங்கு லாத்தாவுக்கு. எங்களில் ஒருவருக்கு அவர் உடன்பிறந்தவர், மற்றவருக்கு நாத்தனார். பட்டா மாற்றுவதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லித்தான் அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். பிரதிபலனாக ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு தன் பாத்தியதையை விடுதலை செய்வதாகப் பத்திரம் கூறுகிறது. அவர் ஒரு ரூபாயும் பெறவில்லை. அவர் நிக்காஹ்வுக்கு நாம் செலவு செய்தோமே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பதினைந்து ஆண்டுகள் அதைச் சொல்லியே தூங்கினோம்.

திருமணச் செலவு வாரிசுப் பங்கில் கழியாது என்று மகள் சொன்னாள். அது எங்களுக்கும் தெரிந்ததுதான். பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன், நமக்கே எதிராகப் போனாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி சூரத்துந் நிஸாவில் வரும் கட்டளையை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். பத்திரத்தை ரத்துசெய்யக் கோரும் வழக்குக்கு மூன்றாண்டுக் காலவரம்பு என்றும் அவள் சொன்னாள். அதைக் கேட்டபோது எங்களில் ஒருவருக்கு ஒரு கணம் நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதியை அவள் முகத்திலிருந்து மறைக்க முடியவில்லை. இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் லாத்தா வீட்டுக்குப் போனோம். நாங்கள் தொடங்குமுன்பே அவர் சொன்னார்: "எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கேட்டால் தாய் வீடு இல்லாமல் போய்விடுமே என்று கேட்கவில்லை."

எப்படித் திருப்பித் தருவது என்பதையும் மகளே விளக்கினாள். முஸ்லிம்கள் செய்யும் ஹிபாவுக்கு எழுத்தும் பதிவும் கட்டாயமில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதற்கு விலக்கு அளிக்கிறது. தருவதாகச் சொல்லி, பெறுபவர் ஏற்று, சொத்தை ஒப்படைத்தால் நிறைவேறிவிடும். ஆனாலும் பட்டா மாற, நாளை பேரப்பிள்ளைகள் சண்டையிடாமல் இருக்க, பதிவு செய்வதே நல்லது என்றாள். கிணற்றடியோடு சேர்ந்த பின்கட்டை அளந்து, செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினோம். வரைவை அவள் எழுத, உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் சரிபார்த்தார். ஒரு சொல்லைத்தான் மாற்றினார். அதற்கே அவள் முகம் வாடிப்போயிற்று.

இப்போது நான்காம் ஆண்டு. விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சிக்குப் போகிறாள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எங்கள் தெருப் பெண்களுக்கு அவள்தான் சொன்னாள். கேட்ட அன்றே ஒரு பெண் ஜீவனாம்ச வழக்குக் காகிதங்களை எடுத்து வந்தார். அவள் பதிவுசெய்யும் நாளை நினைத்தால் கவலையும் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணத்தை 750 ரூபாயோடு நிறுத்தியது ஓர் ஆறுதல். இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டுமென்று அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சிற்றூர் நீதிமன்றங்களில் அது எவ்வளவு தூரம் நடக்குமோ தெரியவில்லை. பாத்திமா பீவி அம்மையார் சட்டம் படித்து, 1950இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்து, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். அவரைப் படிக்கச் சொன்னது அவர் தந்தை மீரா சாகிபு. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. பிள்ளைதான் சொன்னாள்.

பதிவு நாளன்று லாத்தாவை நாங்களே அழைத்துப் போனோம். அலுவலகம் நிறையக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை. எழுதித் தருபவர் கையெழுத்து முடிந்து, பெறுபவர் முறை வந்ததும் லாத்தா பேனாவை வாங்கவில்லை. "முதலில் முழுதும் வாசி" என்று மகளிடம் சொன்னார். அவளும் நின்றபடியே வாசித்தாள். செக்குபந்தியில் தென்புறம் யார் வீடு என்ற வரிக்கு வந்தபோது லாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார். "அவர்கள் அந்த வீட்டை விற்று ஆறு வருஷம் ஆகிறது. பெயரை மாற்று" என்றார்.