ஊசியில நூல்

தையல் வேலையில 2024 வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஊசியில நூல் கோக்கறது.

அம்மா டைலர். திண்டுக்கல்ல எங்க தெருவுல பாதிப் பேரோட ஜாக்கெட் அம்மா தைச்சதுதான். அப்பாவுக்கு பூட்டுப் பட்டறையில வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடெல்லாம் குடுத்தாங்க. ஆனா அப்பா பட்டறையில அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆர்டர் குறைஞ்சு போச்சு. என் இஞ்சினியரிங் ஃபீஸ்ல முக்கால்வாசி அந்தத் தையல் மெஷின்லேர்ந்து வந்ததுதான். நாப்பது தாண்டினதும் அம்மாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி வாங்கிக் குடுத்தும் போட்டுக்க மாட்டாங்க. "டேய், இதுல நூல் கோத்துக் குடுத்துட்டுப் போடா"ன்னு கூப்பிடுவாங்க. நான் சலிச்சுக்கிட்டே போவேன். நுனியை எச்சில் பண்ணி, முறுக்கி, ஒரே குத்து. அஞ்சு செகண்ட் வேலை. அதுக்கு அஞ்சு நிமிஷம் புலம்புவேன்.

வேலை கிடைச்சு புனே வந்தப்புறம் இது ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. லீவு முடிஞ்சு கிளம்புற அன்னிக்கு, பழைய காலண்டர் அட்டையில பன்னெண்டு ஊசி நூல் கோத்துக் குத்தி வச்சுட்டு வரணும். ஹூக் வைக்க, ஹெம்மிங் பண்ண. அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் அதுதான் ஸ்டாக். தீர்ந்துபோச்சுன்னா தெருவுல போற ஸ்கூல் பையன் எவனாவது மாட்டுவான்.

2024 மார்ச்ல அம்மா போயிட்டாங்க. மாரடைப்பு. காலையில தைச்சுக்கிட்டு இருந்தவங்க மத்தியானம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தது மறுநாள். அதைப் பத்தி எனக்கு எழுத வரலை, விட்டுடறேன்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றேன். மூணாம் நாள் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க வாசல்ல வந்து தயங்கித் தயங்கி நின்னாங்க. "தம்பி, தப்பா நினைச்சுக்காத.. என் அளவு ஜாக்கெட்டு உள்ள இருக்கு.. தங்கச்சி கல்யாணம்.." மெஷினுக்குப் பக்கத்துல மஞ்சப்பையா அடுக்கியிருந்துச்சு. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. ஒவ்வொண்ணுலயும் அம்மா கையெழுத்துல துண்டுச் சீட்டு. பேரு, தேதி, "கை நீளம் அரை இஞ்ச் கூட". அந்த வாரம் பூரா ஒவ்வொருத்தரா வந்தாங்க. சீட்டைப் பாத்துப் பாத்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். பத்துப் பை போச்சு. பதினோராவதை யாரும் கேக்கலை. சீட்டும் இல்லை. சித்தி பிரிச்சுப் பாத்துட்டு, "இது உங்கம்மாவோடதுடா"ன்னாங்க. அரக்குக் கலர் துணி. வெட்டி முடிச்சாச்சு, சாக்பீஸ் கோடு கூட அழியலை. தைக்கலை. ஊருக்கெல்லாம் தைச்சு முடிச்சுட்டு கடைசியா பாத்துக்கலாம்னு வச்சிருந்திருப்பாங்க.

காலண்டர் அட்டையில, பொங்கலுக்கு நான் கோத்து வச்சதுல மூணு ஊசி நூலோட மிச்சம் இருந்துச்சு.

காரியம் முடிஞ்சதும் போனவங்க துணிமணி வீட்டுல இருக்கக்கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. அப்பா, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. என் கண்ணுல படக்கூடாது"ன்னுட்டார். சித்தி மூட்டை கட்டினாங்க. நான் யாருக்கும் தெரியாம மூணு புடவையை உருவி லேப்டாப் பையில திணிச்சுக்கிட்டேன். மூணுமே சுங்குடி. சின்னாளபட்டி எங்க ஊருக்குப் பக்கம்தான், பஸ் ஏறிப் போய் அம்மாவே பாத்துப் பாத்து வாங்கினது. அச்சுல போட்ட புள்ளி அம்மாவுக்கு ஆகாது. துணியில சின்னச் சின்னதா முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, அவுத்தா வர்ற புள்ளிதான் சுங்குடி, மத்ததெல்லாம் ஏமாத்து வேலைம்பாங்க.

புனே வந்து அலமாரியில வச்சுப் பூட்டினேன். அவ்ளோதான். நாலு மாசம் திறக்கவே இல்லை. ஆபீஸ் போனேன், ஆணி புடுங்கினேன், வந்தேன், படுத்தேன். டேமேஜர் நல்ல மனுஷன், "டேக் யுவர் டைம்"னார். டைம் எடுத்து என்ன பண்றதுன்னுதான் தெரியலை. அழுகையும் வரலை. ஞாயித்துக்கிழமைதான் ரொம்பக் கொடுமை, ஏன்னா அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசுற நாள் அது.

ரூம்மேட் ஈரோட்டுக்காரன். ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை என் மேல இருந்த போர்வையை இழுத்துப் போட்டு, "கெளம்புறியா, தண்ணி ஊத்தட்டுமா"ன்னான். அவன் பைக்ல பின்னாடி உக்காந்து போனேன். காத்ரஜ் தாண்டி, நஸ்ராப்பூர் தாண்டி, காபூர்ஹோள்ல மெயின் ரோட்டை விட்டு போர் பக்கம் திரும்பினா, அதுவரைக்கும் பாத்த புனேவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஊர் பேரே போர்தான், சண்டையெல்லாம் இல்லை. :-) சஹ்யாத்ரி மலை அங்கங்க மேகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்குது. ரோட்டோரம் பூரா வயல், நடவு நடக்குது. முழங்கால் சேத்துல வரிசையா பொம்பளைங்க, முதுகுல பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணி மாதிரி போட்டுக்கிட்டு. பாட்கர் அணைத் தண்ணி கண்ணுக்கு எட்டின வரைக்கும். வெள்ளைக்காரன் காலத்துல, 1920-கள்ல கட்டினது. அந்த அணை ஓரமாவே போற ஒரு ரோட்டுல, ஒரு சின்ன கிராமத்துல டீக்கு நிறுத்தினோம். மழை பிடிச்சுக்கிச்சு. டீக்கடைக்கு எதுத்தாப்புல ஒரு ஓட்டு வீடு, அதோட திண்ணையில ஒதுங்கினோம்.

திண்ணையில ஒரு ஆஜி. மராத்தியில பாட்டி. ஒன்பது கஜப் புடவை, நெத்தியில பெரிய பொட்டு, எழுபத்தஞ்சு வயசு இருக்கும். பழைய புடவைங்களை அடுக்கடுக்கா விரிச்சு நாலு மூலையிலயும் கல்லை வச்சுட்டு, கோணி ஊசிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு ஊசியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்ததும், எந்த ஊரு என்ன பேருன்னு ஒண்ணும் கேக்கலை. ஊசியை என் பக்கம் நீட்டி, "சுயீத் தோரா ஓவூன் தேஷீல் கா பாளா?"ன்னாங்க.

எனக்கு மராத்தி அரைகுறை. ஆனா ஒருத்தங்க ஊசியையும் நூலையும் நீட்டினா என்ன கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நுனியை எச்சில் பண்ணி, முறுக்கி, ஒரே குத்து. ஆஜி முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். உள்ள போய் இன்னும் ஏழெட்டு ஊசி எடுத்துட்டு வந்துட்டாங்க! கோத்துக் கோத்துக் குடுத்தேன். கை தானா செஞ்சுது. ரூம்மேட் ஏதோ ஜோக்கடிக்க வந்தவன் என் மூஞ்சியைப் பாத்துட்டு மழையைப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

"ஆயீ ஆஹே?"ன்னு கேட்டாங்க ஆஜி. அம்மா இருக்காங்களா. இல்லைன்னு தலையாட்டினேன். தைக்கிறதை நிறுத்தாம, "மாஜீ பண் நாஹீ"ன்னாங்க. எனக்கும் இல்லை.

எழுபத்தஞ்சு வயசுல இருக்கறவங்க எனக்கும் அம்மா இல்லைன்னு சொன்னா என்ன பண்றது.. சிரிச்சுட்டேன். நாலு மாசத்துல முதல் தடவையா.

அவங்க தைச்சது கோதடி. மகாராஷ்டிரா கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு இருக்கும். பழைய பருத்திப் புடவை, வேட்டியை எல்லாம் அடுக்கி, கையால ஓட்டுத் தையல் போட்டுத் தைக்கிற போர்வை. போத்திக்கலாம், விரிச்சும் படுக்கலாம். ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்ள வந்து நடுவுல முடிப்பாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம், புடவையை வெட்ட வேண்டியதில்லை. மடிச்சாப் போதும். கத்திரின்னா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நானே பைக் சாவியை எடுத்தேன். லேப்டாப் பையில லேப்டாப் இல்லை.

ஆஜி மூணு புடவையையும் தடவிப் பாத்தாங்க, மோந்து பாத்தாங்க. "துவைச்சு எடுத்துட்டு வா"ன்னுட்டாங்க. துவைக்காததைத் தைச்சா உள்ள பூச்சி வரும். எனக்கு அதுதான் முடியலை. புடவையில அம்மா வாசனை இருந்துச்சு. பவுடர் வாசனையோட கொஞ்சம் மெஷின் ஆயில் வாசனையும் சேந்தது. திரும்பி வந்து ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகலை. மூணாவது வாரம் பக்கெட்ல தண்ணி பிடிச்சு பச்சைப் புடவையை முக்கினேன். தண்ணியில லேசா சாயம் இறங்கிச்சு. பாத்ரூம் தரையில உக்காந்து அழுதேன் பாருங்க, வெளியில ரூம்மேட் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சான். நல்ல பையன். அப்புறம் மஞ்சளையும் துவைச்சேன். மூணாவது, காப்பிப்பொடி கலர். அதை மட்டும் துவைக்கலை. துவைச்சேன்னு ஆஜிகிட்ட பொய் சொன்னேன். அவங்க எடுத்து மோந்து பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லாம, ரெண்டு வேப்பிலைக் கொத்தை ஒடிச்சுட்டு வரச் சொல்லி உள்ள வச்சு சுருட்டி ஒரு வாரம் வெயில் படுற எடத்துல வச்சாங்க. அதைத்தான் நடுவுல போட்டோம்.

கணக்கு சொல்லலேன்னா நான் இஞ்சினியரே இல்லை. ஒரு புடவை 5.5 மீட்டர், மூணா மடிச்சா ஆறடிக்குக் கிட்ட நீளம். மூணு புடவை, ஒன்பது அடுக்கு. ஒரு இஞ்சுக்கு ஒரு வரிசைன்னு சுத்தி வந்தா மொத்தத் தையல் 84 மீட்டர் வருது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல்னா 8,400. ஆஜிகிட்ட பெருமையா சொன்னேன். "எண்ணிக்கிட்டே இருந்தா எப்ப தைப்பே"ன்னாங்க.

முதல் நாள் நான் போட்டது கால் மீட்டர். அதையும் பிரிக்கச் சொல்லிட்டாங்க. ஒன்பது அடுக்குல ஊசி இறங்காது, விரல் நுனியெல்லாம் பொத்தல். தெருப் பசங்க வந்து நின்னு, மீசை வச்ச ஆள் தைக்கிறதை வேடிக்கை பாத்துச் சிரிப்பாங்க. மத்தியானம் பாக்ரியும் பிட்லாவும், கூட பச்சை மிளகாயும் பூண்டும் இடிச்ச தேச்சாவும். காசு குடுத்தா திட்டு. அதனால நான் அவங்களுக்கு ஊசி கோத்துக் குடுப்பேன். அவங்க எனக்குத் தையல் பிரிச்சுக் குடுப்பாங்க.

அந்த ரோடு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல பூரா பச்சை. செப்டம்பர்ல மலைச்சரிவு முழுக்க சோன்கின்னு ஒரு மஞ்சப் பூ, ஊரே மஞ்சத்தண்ணி ஊத்தி விளையாடின மாதிரி. மழை விட்டப்புறம் ஆம்பேமோஹர் நெல்லு முத்துது. மாம்பூன்னு அர்த்தம், மாம்பூ வாசனை வர்ற அரிசி. நவம்பர்ல அறுத்து முடிச்ச வயல்ல வெறும் தாள். பிப்ரவரியில அணைத் தண்ணி உள்ள போயிடுச்சு, மலை எல்லாம் காஞ்ச புல். பைக்ல போகும்போது ஹெல்மெட்டுக்குள்ள அம்மாகிட்ட பேசிக்கிட்டே போவேன். ஞாயித்துக்கிழமைக் கணக்கு. சாப்பிட்டது, ஆபீஸ் கதை, ஆஜி திட்டினது.. எல்லாம். யாருக்கும் கேக்காது, சௌகரியம்.

அந்த அரக்குக் கலர் ஜாக்கெட் துணியை மூலையில வச்சுத் தைக்கலாம்னு ஆஜி ஒரு நாள் சொன்னாங்க. அது மட்டும் வேண்டாம்னுட்டேன். பையோட அப்படியேதான் இருக்கு.

2025 மார்ச்ல வருஷ தெவசத்துக்கு ஊருக்குப் போனேன். கோதடியைக் கொண்டு போகலாமா வேண்டாமான்னு கடைசி நிமிஷம் வரைக்கும் குழப்பம். கண்ணுல படக்கூடாதுன்னு சொன்ன மனுஷன். சாயங்காலம் எல்லாரும் கிளம்பினப்புறம் பெட்டியைத் திறந்து எடுத்து வச்சேன். அப்பா கிட்ட வந்தார். மேல இருந்த பச்சையைப் பாத்தார். இது ஏது, நீ எப்ப எடுத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு ஓரத்துலேர்ந்து தையலைத் தடவிக்கிட்டே வந்தார். பட்டறையில பூட்டுச் சாவியைப் பாக்கற மாதிரி.

"இந்த எடத்துல கோணலாப் போயிருக்கு."

"ஆமாப்பா. அது ஆரம்பத்துல போட்டது."

"உங்கம்மா பாத்தா பிரிச்சிருப்பா."

அப்புறம் ஆஜியைப் பத்தி விசாரிச்சார். "கண்ணு தெரியலேங்கிறியே, புரையா இருக்கும். மதுரைக்குக் கூட்டிட்டு வா, அரவிந்த்ல காட்டலாம்." பூனாவுலயும் கண்ணாஸ்பத்திரி இருக்குப்பான்னேன். "இருக்கும், இருக்கும்"னார்.

மார்ச் மாச திண்டுக்கல்ல எவன் போர்வை போத்துவான்? மொட்டை மாடியில விரிச்சார். ஒரு ஆள் அகலம்தான், அவர் அதுல படுத்தார், நான் பக்கத்துல பாய்ல. ரொம்ப நேரம் சத்தமே இல்லை, தூங்கிட்டார்னு நினைச்சேன்.

"நடுவுல எதுடா போட்டிருக்க?"

"காப்பிப்பொடி கலர்ப்பா."

"ம்."

பி.கு: ஆஜிக்கு புரையேதான். போன மழைக்காலத்துக்கு முன்னாடி புனேவுல ஆபரேஷன் ஆச்சு. இப்போ ஊசியில நூல் அவங்களே கோத்துக்கறாங்க. எனக்கு வேலை போச்சு. போனா பாக்ரி மட்டும் உண்டு.