எல்லைக்கல்லும் இசைவும்

எங்கள் பாட்டனார் பள்ளிப்பட்டில் ஒரே வீட்டில் பிறந்து, அதே வீட்டில் வாழ்ந்து, அங்கிருந்தே கபறுஸ்தானுக்குச் சென்றவர். அவர் வீடு மாறவில்லை. ஆனால் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. 1953 செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு அவர் சென்னை மாநிலத்தில் உறங்கினார். மறுநாள் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது ஆந்திர மாநிலத்தில் இருந்தார். 1956 நவம்பர் 1-இல் அது ஆந்திரப் பிரதேசமாயிற்று. 1960 ஏப்ரல் 1-இல் மீண்டும் சென்னை மாநிலம். 1969 பொங்கல் நாளில் தமிழ்நாடு. மாவட்டமோ சித்தூர், செங்கற்பட்டு என்று மாறி, 1997 முதல் திருவள்ளூர் என நிற்கிறது. என் தமையனார் 1958-இல் பிறந்தவர். நான் 1962-இல் பிறந்தவன். இருவரும் பிறந்தது ஒரே அறை. ஆயினும் அவர் ஆந்திரத்தார், நான் சென்னை மாநிலத்தான் என்கின்றன பிறப்புப் பதிவுகள். ஓர் அலுவலகத்தில், தாம் இவ்வூர்க்காரர்தாம் என்று மெய்ப்பிக்க அவர் ஆறு மாதம் அலைந்தார். எங்கள் வீட்டுப் பத்திரங்களுள் ஒன்று தெலுங்கில் இருந்ததும் அவருக்குத் துணை செய்யவில்லை.

மாநில உரிமை பற்றி எழுத எனக்குள்ள தகுதி இவ்வளவே. சட்டம் படித்தவனல்லன், எல்லைக்கோடு தலைக்கு மேலே நகர்ந்த ஊரில் வளர்ந்தவன். மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்தவுடன், 'இது பிரிவினையில் கொண்டுபோய் விடும்' என்று மற்றொருவர் எச்சரிப்பதைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இவ்வெச்சரிக்கை எங்கள் ஊரின் வரலாற்றோடு பொருந்தவில்லை.

மொழிவாரி மாநிலம் கேட்டபோதே இந்த அச்சம் எழுந்தது. நாடு ஏற்கெனவே ஒரு முறை பிளவுபட்டு இரத்தம் சிந்தியிருந்தது. மொழியின் பேரால் இனியும் கோடுகள் கிழிப்பதா என்று தில்லித் தலைவர்கள் தயங்கினர். பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15-இல் உயிர் நீத்த பின்னரே தயக்கம் உடைந்தது. சில நாள்களில் ஆந்திர மாநிலம் அமையும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். தெலுங்கு பேசும் மக்களுக்கு அது நியாயமான வெற்றியே. ஆனால் புது மாநிலத்தைப் பிரிக்கையில் மாவட்டத்தை அளவாகக் கொண்டார்கள். சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துக்கு என்றதும், அதனுள் இருந்த திருத்தணியும் பள்ளிப்பட்டும் கூடவே போயின.

அந்த ஆண்டுகளின் வடக்கெல்லைப் போராட்டத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ம.பொ. சிவஞானம் தமிழரசுக் கழகத்தின் சார்பில் தலைமை ஏற்றார். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் களத்தில் நின்றார். அவர்களுக்கெல்லாம் முன்பே ஊர் ஊராக நடந்து, திண்ணைகளில் தமிழ் கற்பித்து நிலத்தைப் பண்படுத்திய ஆசிரியர் மங்கலங்கிழார் 1953-லேயே காலமானார். இப்பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று அவர் பெயரை அறியார் என்பது எனக்கு வருத்தமே. மறியல், சிறை, உயிரிழப்பு எல்லாம் நடந்தன. ஆனால் கேட்டது என்ன? இந்தியாவை விட்டு வெளியேற எவரும் கேட்கவில்லை. எந்த மாநிலத்தில் எந்த மொழியில் மனு எழுதுவது, எந்த மொழியில் பிள்ளை படிப்பது என்பதே கேள்வி.

பிணக்கைத் தீர்த்த முறைதான் நான் இங்கு சொல்ல விரும்புவது. காமராஜர் ஆட்சியும் சஞ்சீவ ரெட்டியின் ஆட்சியும் முன்னாள் மத்திய அமைச்சர் எச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் மாவட்டத்தை விட்டுவிட்டுக் கிராமத்தை அளவாகக் கொண்டார். எந்தக் கிராமத்தில் எம்மொழியினர் மிகுதி, அது எப்பக்கத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது என்று பார்த்தார். திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுத் துணைவட்டமும் இப்பக்கம் வந்தன. அதற்கீடாகச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு முதலிய பகுதிகளும், சேலம் மாவட்டத்திலிருந்து சில ஊர்களும் அப்பக்கம் போயின. 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் கிடைக்கவில்லையே என்று ம.பொ.சி. அவர்களுக்குக் குறை இருந்தது. சத்தியவேட்டுத் தமிழர்க்கு அதைவிடப் பெருங்குறை இருந்திருக்கும். எனினும் அந்தக் கோட்டின் பொருட்டு அதற்குப் பின் இங்கே ஒரு பெருங்கலகமும் இல்லை. பொதட்டூர்ப்பேட்டைத் தறியில் நெய்த துணியைப் பாட்டனார் நகரிச் சந்தைக்குக் கொண்டுபோவது ஒரு வாரமும் நிற்கவில்லை. 'துணிக்குத் தெலுங்கும் தெரியும், தமிழும் தெரியும்' என்பார்.

இந்தச் சட்டத்துக்கு அடிப்படை அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு. ஒரு மாநிலத்தைப் பிரிக்கவும், சேர்க்கவும், எல்லையையும் பெயரையும் மாற்றவும் அது நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன்படி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது முதற்பிரிவு. மாநிலங்கள் கூடி உடன்படிக்கை செய்து அமைத்த கூட்டன்று இது, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து செல்லும் உரிமை கிடையாது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். அதை நான் ஏற்கிறேன். ஆனால் மாநிலம் ஒன்றியத்தைப் பிரிய முடியாது, ஒன்றியம் மாநிலத்தைக் கலைக்க முடியும் என்ற நிலையில், அந்தப் பேரதிகாரம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1959-இல் எங்களைத் தமிழகத்தில் சேர்த்ததும் அதே 3-ஆம் பிரிவு. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாமென்று நிராகரித்த பின்னும் அடுத்த மாதமே தெலங்கானாவைப் பிரித்ததும் அதே பிரிவு. தெலங்கானா மக்களின் வேட்கை உண்மையானது; ஆயினும் மறுபாதியின் இசைவைப் பெற முயலாமல் அவசரமாக முடித்த அந்தக் கசப்பை நகரிக் கடைவீதியில் நான் கேட்டேன். 2019-இல் ஜம்மு காஷ்மீர், தன் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில், மாநிலம் என்ற தகுதியையே இழந்து இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. அங்கே கருத்துச் சொல்லவும் மன்றம் இல்லை. ஒரே சட்டப்பிரிவு, எங்களுக்கு வந்தபோது இரு அரசுகளின் இசைவு முன்னே வந்தது, சட்டம் பின்னே வந்தது.

தமிழ்நாட்டில் பிரிவினைக் கோரிக்கை இருந்ததே என்பீர்கள். இருந்தது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாட்டுக்காகப் பேசினார். அதே ஆண்டு சீனப் போர் வந்தது. 1963-இல் 16-ஆம் திருத்தம் நிறைவேறி, தேர்தலில் நிற்போர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. தி.மு.கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. கோரியதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னார். சட்டம் மட்டுமே அதைச் சாதித்தது என்று நம்புவோர் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. சட்டம் ஒரு கதவைச் சாத்தியது. 1967 தேர்தல் மற்றொரு கதவைத் திறந்தது. அதே கட்சி ஆட்சிக்கு வந்தது, மாநிலத்துக்கு அதன் பெயர் கிடைத்தது, 1969-இல் மத்திய-மாநில உறவை ஆராய இராஜமன்னார் குழு அமைந்தது. மனக்குறை இருந்தவர்கள் கையில் கோப்பும் பேனாவும் வந்தன. அந்தக் குழுவின் தலைவர் பி.வி. இராஜமன்னார் தெலுங்கில் நாடகம் எழுதியவர் என்பதை எங்களூர்த் தெலுங்கு நண்பர்களிடம் சொல்லி மகிழ்வதுண்டு. தமிழ்நாட்டின் சுயாட்சிக்கு வாதாட ஒரு தெலுங்கரை அமர்த்திய அரசு, நாட்டைப் பிளக்கவா திட்டமிட்டது?

கதவு திறக்காத நாட்டில் நடந்ததைக் கடலுக்கு அப்பால் பார்த்தோம். இலங்கையில் தந்தை செல்வா கேட்டது கூட்டாட்சியே. பண்டாரநாயக்காவோடு 1957-இல் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது. 1983-இல் பிரிவினை கேட்பதையே குற்றமாக்கும் 6-ஆம் திருத்தம் வந்தது. போர் அதன் பிறகுதான் பெருகியது. பிரிவினையைத் தடுக்கும் சட்டம் இங்கும் வந்தது, அங்கும் வந்தது. இங்கே வாக்குப்பெட்டி திறந்திருந்தது.

அந்தக் கதையில் நம் வாசகர்கள் மறவாத ஓர் ஏடும் உண்டு. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரக் கெடுவில் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியது விடுதலைப் புலிகள் இயக்கம். வெளியேற்றப்பட்டோரின் தாய்மொழியும் தமிழே. கொழும்பு தமிழர்க்கு இழைத்த அநீதியை எதிர்த்து எழுந்தவர்கள், தமக்குள் சிறுபான்மையாய் இருந்தவர்க்கு அநீதி இழைத்தார்கள். புதிய கோடு எங்கே விழுந்தாலும் அதற்குள்ளும் ஒரு சிலர் சிறுபான்மையாகவே எஞ்சுகிறார்கள். கனடாவில் கியூபெக் மாகாணம் பிரிவதா என்று 1995-இல் வாக்கெடுத்தபோது, பிரிய விரும்பியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 49 பேர். பின்னர் 1998-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு மாகாணம் தானாகப் பிரிந்துவிட முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விடை சொன்னால் மற்றவர்கள் பேச்சுக்கு அமர்ந்தே ஆகவேண்டும், அப்பேச்சில் சிறுபான்மையினரின் உரிமையும் கணக்கில் வரவேண்டும் என்றது. நீதிமன்றங்கள் சொன்னவற்றில் எனக்குப் பிடித்த விடைகளுள் இது ஒன்று.

இனி நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். எங்கள் பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்போரில் சிலர் வீட்டில் உருது பேசுவர், சிலர் தமிழ் பேசுவர். கடைவீதியில் எல்லாரும் தெலுங்கு பேசுவர். 2006-இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய கட்டாயத் தமிழ், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. இம்மண்ணில் வாழும் பிள்ளை தமிழ் கற்பது நல்லது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாய்மொழியைத் தேர்வுப் பாடமாகக் காத்துக்கொள்ள ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பள்ளிகளும் எல்லையோரத் தெலுங்குப் பிள்ளைகளும் நீதிமன்றப் படியேறி விலக்குக் கேட்க வேண்டியதாயிற்று. 1953-இல் எங்கள் பாட்டனார் தலைமுறை ஆந்திர அரசிடம் கேட்டது எதுவோ, அதையே எங்கள் தெலுங்கு அண்டை வீட்டார் எங்கள் அரசிடம் கேட்கிறார்கள். தில்லியிடம் சென்னை கேட்கும்போது இனிக்கும் வாதம், சென்னையிடம் பள்ளிப்பட்டு கேட்கும்போதும் இனிக்க வேண்டும். சென்னையோடு நின்றுவிடும் மாநில சுயாட்சி எங்களுக்குப் பாதி சுயாட்சியே.

மாநிலங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று அரசியலமைப்பின் 263-ஆம் பிரிவு ஒரு மன்றத்துக்கு வழி செய்திருக்கிறது. சர்க்காரியா ஆணையம் வலியுறுத்தியபடி 1990-இல் அது அமைந்தது; 2016 ஜூலையில் 11-ஆம் முறையாகக் கூடியது; அதற்குப் பின் பல ஆண்டுகள் கூடவேயில்லை. எங்களுக்கு அது தொலைவான செய்தியன்று. கொசஸ்தலை ஆறு எங்கள் ஊருக்கு ஆந்திரப் பகுதியிலிருந்து வருகிறது. பெருமழை பெய்தால் அங்குள்ள அம்மப்பள்ளி அணையைத் திறப்பார்கள். சில மணி நேரத்தில் எங்கள் தரைப்பாலங்கள் முழுகும், அக்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். அந்த நீரே கீழே பூண்டிக்குப் போய்ச் சென்னையின் குடிநீராகிறது. அணை திறக்கும் செய்தி அந்தப் பக்கத்து அதிகாரியிடமிருந்து இந்தப் பக்கத்து அதிகாரிக்கு நேரத்தோடு வந்து, ஊரில் தண்டோரா போட்டுவிட்டால் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவோம். வரத் தாமதித்தால், நகரியில் உள்ள பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் தொலைபேசியில் தெலுங்கில் எங்கள் தமையனாருக்குச் சொல்லிவிடுவார்.