பல்லா, கல்லா?

குமாரபாளையத்தில் ஒரு வீடு. அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம்தான் வரவேற்கும். ஒரு நாள் சாயங்காலம் ஆறு வயசுப் பேத்தி ஓடி வந்து, "தாத்தா, பல் விழுந்திருச்சு" என்றாள். தாத்தா பதறி எழுந்து வாசலுக்கு ஓடினார். ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆரு மேலயாச்சும் பட்டுச்சா கண்ணு?" என்றார்.

அவர் காதில் விழுந்தது, "கல் விழுந்திருச்சு".

வீடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வாயைத் திறந்து, பல் போன இடத்தைக் காட்டிக்கொண்டு நின்ற பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு பெரியவர் பெரும்பாலும் திண்ணையிலேயே உட்கார ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்விடுவார். அவருக்கு ஏதோ கோபம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குக் காது கேக்கறதில்ல" என்று மனைவி சொன்னால் மட்டும் உண்மையிலேயே கோபம் வரும். "எல்லாம் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை! டெம்போ ஹாரன் கேட்கிறது, கோயில் மேளம் கேட்கிறது, மிக்ஸி ஓடுவது கேட்கிறது. மனிதர்கள் பேசுவதும் கேட்கிறது, ஆனால் புரியவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எத்தனையோ வீடுகளில் சண்டை நடக்கிறது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர் செல்கள். ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். மனிதனுக்கு இவை ஒரு முறை செத்தால் மறுபடி முளைக்காது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் செல்கள். நாம் பேசும்போது அ, ஆ, இ எல்லாம் கனமான, தாழ்ந்த சுருதி ஒலிகள். ப, க, த, ச போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் விஷயமோ மெல்லிசான, உயர்ந்த சுருதியில் இருக்கிறது. ஆக, உயிர் வந்து சேர்ந்துவிடுகிறது, மெய் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. பல்லும் கல்லும் ஒன்றாகிவிட்டது இப்படித்தான். அதிலும் குழந்தைகளின் குரல் சன்னமானது. கேட்பது இன்னும் சிரமம்.

பெரியவர் 14 வயதில் தறியில் நின்றவர். நாற்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். ஒரு பட்டறையில் அப்படி எட்டுத் தறி. 90 டெசிபலைத் தாண்டுவதெல்லாம் அங்கே சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஓர் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. கூட்டு வட்டிக் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கந்து வட்டியை விட மோசமான வட்டி இது! இவர் நின்றதோ தினம் பன்னிரண்டு மணி நேரம்.

இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டப்படி தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நாலு தறி, எட்டுத் தறிப் பட்டறைகள் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. அப்புறம் பட்டியலில் இருந்தென்ன...

இத்தனை வருஷம் இது எப்படி வெளியே தெரியாமல் இருந்தது? தறிக்காரர்கள் பட்டறைக்குள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். உதட்டைப் படிக்கும் கலை அவருக்குத் தானாகவே வந்திருந்தது. 2020ல் ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மருந்துக்கடையில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் "ஆ? என்ன?" என்று கேட்க வேண்டியதாயிற்று. கேட்க வெட்கப்பட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

இன்னொரு விஷயமும் உண்டு. "சத்தமா சொல்லு" என்பார். சத்தமாகச் சொன்னால், "ஏன் கத்தற, நான் என்ன செவிடா?" என்பார். இதை வைத்து நம் சினிமாக்காரர்கள் எத்தனை காமெடி எடுத்துவிட்டார்கள்! ஆனால் அது வீம்பு இல்லை. உள்காது பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது. சத்தம் கொஞ்சம் கூடினாலோ திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிப் போகிறது. அதனால் அவர்களிடம் கத்தக் கூடாது. எதிரில் வந்து, முகம் தெரிய, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை நாலு தடவை சொல்வதை விட வேறு வார்த்தையில் சொல்லலாம். "பல் விழுந்திருச்சு" புரியாவிட்டால் "வாயில இருந்த பல்லு போச்சு" புரியும்.

கடைசியில் மகன் ஒருவழியாக அவரை ஈரோட்டுக்கு அழைத்துப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நல்ல காதில் 55 டெசிபல் இழப்பு. இங்கேதான் ஒரு சிக்கல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. 70க்குப் போனால் 'காது கேளாதவர்'. இவர் 55. பேத்தி பேசுவது புரியாத அளவுக்குக் குறை உண்டு, சான்றிதழ் வாங்கி இலவசக் கருவிக்கு மனுப் போடும் அளவுக்குக் குறை இல்லை. வரித் தொல்லை மட்டும் இல்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதே காதுக் கருவிக்கு வரி கிடையாது என்று வைத்துவிட்டார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து 46,000 ரூபாய். மகன் பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார்.

ஒரே வாரம். கருவி பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டது.

மூக்குக் கண்ணாடி போட்டால் அந்த நிமிஷமே எழுத்து தெரியும். காதுக் கருவி அப்படி இல்லை. பல வருஷமாகக் கேட்காத தட்டுச் சத்தம், செருப்புச் சத்தம், பேப்பர் மடிக்கும் சத்தம் எல்லாம் ஒரே நாளில் மூளைக்குள் கொட்டும். சொந்தக் குரலே குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். எது வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். இதை முதலிலேயே யாராவது நாலு வரியில் சொல்லியிருந்தால் கருவி டப்பாவுக்குப் போயிருக்காது. கணக்குப் புத்தகத்தில் ஐந்து வருஷத் தேய்மானம் போட வேண்டிய ஒரு சொத்து, ஏழே நாளில் சுழியம்!

மறுபடி எடுத்து மாட்டவைத்தது மனைவிதான். மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "ஏனுங்க, காலைல பேப்பர் படிக்கற ஒரு மணி நேரம் மட்டும் போட்டுட்டு எனக்கு ரெண்டு சேதி படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஒரு மணி நேரம் இரண்டானது, அப்புறம் நாலு. நடுவில் இரண்டு முறை ஈரோடு போய், பாத்திரச் சத்தம் குத்துகிறது என்று சொல்லி அளவைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். அந்தம்மாவும் சமையலறையில் இருந்து குரல் கொடுப்பதை விட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து பேசப் பழகிக்கொண்டார். கருவியின் மைக் ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் நன்றாக வேலை செய்யும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினால் எத்தனை ஆயிரம் ரூபாய்க் கருவியும் தோற்றுப்போகும்.

இப்போது அவருக்கு இது ஒரு சடங்கு மாதிரி. ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டிய 13ஆம் நம்பர் பேட்டரி. தாளை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்படவிட்டுத்தான் போடுவார். காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்தால்தான் அதற்கு உயிர் வரும். குளிக்கும் முன் கழற்றி வைப்பார். ராத்திரி துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைப்பார். அதே பிஸ்கட் டப்பாதான் :-)

உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட அறிக்கைப்படி, காதுக் கருவி தேவைப்படுவோரில் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். காசு ஒரு காரணம், சரி. வெட்கம்? பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் காதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ செருகியிருக்கிறது, ஒருவருக்கும் வெட்கமில்லை. 2024ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, ஏர்பாட்ஸ் ப்ரோ 2ஐ லேசான, நடுத்தரக் குறைக்குக் காதுக் கருவியாகவே பயன்படுத்தும் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. பாட்டுக் கேட்கச் செருகினால் நாகரிகம், பேத்தி பேசுவதைக் கேட்கச் செருகினால் கௌரவக் குறைச்சலா? (செருகியிருப்பவர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல்தான் எல்லை. அந்த 3 டெசிபல் கணக்கு இங்கேயும் உண்டு.)

கேட்காமல் ஒதுங்கிப்போவது மறதி நோய்க்கும் வழிவிடுமா என்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 977 பேரை மூன்று வருஷம் கவனித்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் மட்டும், கருவி போட்டவர்களின் நினைவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. கருவி விற்பவர்கள் பின் பாதியை மட்டும்தான் சொல்வார்கள். இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பெரியவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. போன மாதம் பேத்தி ரகசியம் சொல்ல வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு வாயை வைத்ததும் கருவி 'கீ...' என்று கத்தியது. பக்கத்தில் கையோ கன்னமோ வந்தால் அப்படித்தான், வெளியே வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்க் கூவும். "பாட்டீ, தாத்தா காது விசிலடிக்குது!" என்று குதித்தாள். அப்புறம் அவளே இரண்டடி பின்னால் போய், எதிரில் நின்று, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள்: "அடுத்த பல் ஆடுது."

"எந்தப் பல்லு? மேலயா, கீழயா?" என்றார் தாத்தா.