மேப்புல மூணு கிலோமீட்டர்

வெளியூர்ல இருந்து வெள்ளிமலைக்கு வர்றவங்க போனைக் காட்டி, "அண்ணே, அந்த ஊரு மூணு கிலோமீட்டர்தானே, நடந்தே போயிடலாமா?"ன்னு கேப்பாங்க. போகலாம். ஆனா கல்வராயன் மலையில கிலோமீட்டர் பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கு இந்திய நில அளவைத் துறையோட மேப்புல இருக்கு.

அதுல 2 சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர். பழுப்புக் கோடுகளைத்தான் பாக்கணும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் உயரம் 20 மீட்டர் வித்தியாசம். அஞ்சாவது கோடு தடிப்பா இருக்கும். கோடு விலகியிருந்தா சமதளம், நாங்க சாமையும் மரவள்ளியும் போடற இடம். ஒட்டிக் கிடந்தா செங்குத்து. கோமுகி அணைப் பக்கம் இறங்குற சரிவுல சீவாத தலைமுடி மாதிரி கிடக்கும். அப்புறம், ஓடையை நீலத்துல தேடாதீங்க. கோடையில வத்தற ஓடைக்குக் கறுப்புக் கோடுதான். ஐப்பசியில அதைத் தாண்டக் கயிறு வேணும்.

எங்களுக்குக் கீழே பதினஞ்சு வீட்டு ஊரு ஒண்ணு. அங்கிருந்து தார் ரோட்டுக்கு அதே மூணு கிலோமீட்டர். நடுவுல கோடுகளை எண்ணினேன், பன்னெண்டு. 240 மீட்டர் ஏத்தம். சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை நாலு அடுக்கினாலும் அந்த உயரம் வராது. ரெண்டு வருஷம் முன்னாடி வலி கண்ட பொண்ணை டோலி கட்டி அதுல தூக்கினோம். 108 வண்டி மேலே ரோட்டுல நிக்குது. புள்ள பாதி வழியிலயே, பலா மரத்தடியில பொறந்துச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எல்லாருக்கும் அப்படி அமையல.

இப்ப அங்க ரோடு போடறதாப் பேச்சு. அளந்தவங்க காட்டின வழி ஓடையை ஒட்டி, கோடுகளை வெட்டிக்கிட்டு நேரா ஏறுது. மாடு ஓட்டற தடமோ கோட்டோட கோடா சுத்தி வருது, ஒரு கிலோமீட்டர் கூடுதல். மாடு மூச்சு வாங்காம ஏறுற வழியில வண்டியும் ஏறும், மழையும் அவ்வளவா அரிக்காது. மாட்டுக்கு யாரும் மேப் காட்டல!

ஒரு சிக்கல். அந்தத் தடம் 400 மீட்டர் காப்புக்காட்டுக்குள்ள போகுது. அஞ்சு மீட்டர் அகலம்னா 0.2 ஹெக்டேர். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவுல, ரோட்டுக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள காட்டு நிலம் கேக்க வழியிருக்கு, கிராம சபை பரிந்துரைக்கணும். தடத்தைச் சிவப்பு மையில வரைஞ்சு வெச்சிருக்கேன். அடுத்த கிராம சபைக்கு அந்த மேப்போட போறேன்.