ஒரு மார்க்

போன வாரம் பேரனோடு உட்கார்ந்து டி.வி.யில் கிரிக்கெட் பார்த்தேன். "தாத்தா, மேட்ச் டை! இனிமே சூப்பர் ஓவர்!" என்று துள்ளினான். எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் செப்டம்பர் 22-ல் முடிந்தது. மறுநாள் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னதில், ஒரு பையன் மேட்ச் 'டைடு' என்று எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்பந்து. அதில் கோல் சமமானால் டிரா. சிவப்பு மையால் அடித்து, 'டிரான்' என்று திருத்தி, ஒரு மார்க் குறைத்தேன். "டை என்பது பெயர்ச்சொல், கழுத்தில் கட்டுவது" என்று கிண்டல் வேறு. வகுப்பே சிரித்தது.

பையன் எழுந்தான். "சார், டிரான்னா ஆட்டம் முடியாம நின்னுபோச்சுன்னு அர்த்தம். இது முடிஞ்சுது சார்."

"உட்காருடா" என்றேன்.

சாயங்காலம் நூலகத்தில் பேப்பரைப் பிரித்தேன். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து ஆஸ்திரேலியா 744, இந்தியாவும் 744. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் அவுட். இந்தியா ஆல் அவுட். அந்த விக்கெட் விழாமல் நேரம் முடிந்திருந்தால், ரன் சமமாக இருந்தும் அது டிராதான். 1960-ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா - வெஸ்ட் இண்டீஸ் ஆடியதற்குப் பிறகு டெஸ்டில் வந்த இரண்டாவது டை அது.

வீட்டுக்கு வந்து அகராதியையும் புரட்டினேன். டை, டிரா இரண்டுமே பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். நான் சொன்ன இலக்கணமும் தப்பு. தமிழில் இரண்டையும் 'சமன்' என்று எழுதிவிடுவதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

மறுநாள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கித் திருத்தியிருக்கலாம். வாத்தியார் கௌரவம் விடவில்லை. வருஷம் முடியும்வரை அந்தப் பையன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

"டைக்கும் டிராவுக்கும் என்ன தாத்தா வித்தியாசம்?" என்றான் பேரன்.

"டிரான்னா முடியாம நிக்கிறது. டைன்னா முடிஞ்சும் சமமா இருக்கிறது."

"உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"எங்கிட்ட படிச்ச ஒரு பையன்" என்றேன்.