ப்ளூ ரிட்ஜ் சாலையும் மலையுச்சி ரிப்பீட்டர்களும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ராக்ஃபிஷ் கணவாயில் தொடங்கி, வட கரோலினாவின் செரோகி ஊரருகே முடிகிறது ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. நீளம் 469 மைல், ஏறத்தாழ 755 கிலோமீட்டர். மலைமுகட்டை ஒட்டியே போகும் இந்தச் சாலையில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. ஆனால் சுற்றியுள்ள சிகரங்களில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் கைக்காசில் நிறுவிப் பராமரிக்கும் ரிப்பீட்டர்கள் இருக்கின்றன. பொழுதுபோக்குக் கருவிகள் என்றே பலரும் இவற்றை எண்ணுகிறார்கள். தடுப்புச்சுவரும் மைல்கல்லும் போல இவையும் சாலையின் உறுப்புகளே என்பது என் வாதம்.

சாலையின் வடக்கு முனையிலிருந்து 63 மைல் வந்தால் சாலை ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இறங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 198 மீட்டர். பார்க்வேயின் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும், 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையான இரண்டு மீட்டர் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், காரின் கூரையில் ஆன்டெனா இருந்தும் நடுவே நிற்கும் மலை அவற்றை மறித்துவிடும். ரிப்பீட்டர் இதைத் தீர்க்கிறது. ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் உரக்க ஒலிபரப்புகிறது. தரை சமதளமாக இருந்தால், 2,000 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரை எட்டும். மலைகள் மறிக்கும் இங்கே அது குறைந்துவிடும். அதனால்தான் ரோனோக் நகரைத் தாண்டி, மாநில எல்லையருகே கம்பர்லாந்து நாப் என்ற இடத்தைக் கடந்து, தெற்கே போகப் போக ரிப்பீட்டர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அலைவரிசை வேறு. அதைத் திறக்க நம் வானொலி அனுப்ப வேண்டிய தொனியும் பெரும்பாலும் வேறு. இவற்றை முன்கூட்டியே வானொலியில் பதியாதவருக்கு உச்சியில் ரிப்பீட்டர் இருந்தும் பயனில்லை.

355ஆவது மைலில் மிட்செல் மலைக்குக் கிளைச்சாலை பிரிகிறது. 2,037 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயர்ந்தது. அந்த மலைத்தொடரின் 145.190 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று. 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் இந்த மலைகளைத் தாக்கியது. மண் சரிந்தது, பாலங்கள் போயின, மின்சாரமும் கைபேசியும் ஆஷ்வில் நகரச் சுற்றுவட்டாரம் முழுவதும் செத்தன, பார்க்வே மூடப்பட்டது. அந்த நாட்களில் 145.190 ஓயாமல் பேசியது. எந்த வழி திறந்திருக்கிறது, யாருக்கு மருந்து வேண்டும், எந்தக் குடும்பம் பத்திரமாக இருக்கிறது என்ற செய்திகள் அதன் வழியே கைமாறின.

இப்போது கைபேசியே செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கிறதே என்பார்கள். நியாயமான கேள்வி, அந்த வசதி ஹெலீன் நாட்களிலும் உதவியது. ஆனால் அந்தச் செய்தி ஒருவருக்கு மட்டும் போகிறது. ரிப்பீட்டரில் சொன்னதை மலைவட்டாரம் முழுவதும் கேட்கிறது. அடுத்த வளைவில் சாலை இல்லை என்பதை அதே வளைவுக்கு அருகில் வசிப்பவர் உடனே சொல்லிவிட முடிகிறது. ஓட்டும்போது பேசுவது ஆபத்து என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதற்கு என் பதில், அலைவரிசை தேடுவதைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், நெரிசலிலும் வளைவிலும் மைக்கைத் தொடவே கூடாது என்பதுதான். பெரும்பாலான நேரம் ரிப்பீட்டர்களில் யாருமே இல்லை என்பதும் உண்மை. அழைத்தால் பதில் வராமல் போகலாம். அப்படி வெறுமையாய்க் கிடப்பதால்தான் பராமரிக்கும் ஆர்வம் குறைந்து, பேட்டரி மாற்ற ஆளில்லாமல் போகிறது. வழிப்போக்கர்கள் சும்மா ஒரு வணக்கம் சொல்வதுகூட அந்தக் கருவியைச் சோதிக்கும் வேலைதான்.

431ஆவது மைலில் ரிச்லாண்ட் பால்சம் மலையருகே சாலை 1,845 மீட்டரைத் தொட்டு, பிறகு செரோகியை நோக்கி இறங்குகிறது. அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் இந்த வழியில் ஏறுமுன், ரிப்பீட்டர்களை மைல்கல் வரிசையில் பதிந்துகொள்ளுங்கள். கடைசி இடத்தில் 146.52 மெகாஹெர்ட்ஸை வையுங்கள். ரிப்பீட்டரே எட்டாத பள்ளத்தில் வண்டிக்கு வண்டி நேரடியாக அழைக்க அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் பொது அலைவரிசை அது.