எடைக் கணக்கு

ஹெலிகாப்டர் விமானி என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது துணிச்சல்தான். பயிற்சிக்கு வரும் இளைஞர்களும் அந்த நினைப்போடுதான் வருவார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது: "இன்னிக்கு வெயில் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, ஏத்தப்போற எடை எவ்வளவு?" இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவன் எவ்வளவு துணிச்சலானவனாக இருந்தாலும் நான் பக்கத்து இருக்கையில் உட்கார மாட்டேன்.

இடது கையில் கலெக்டிவ், வலது கையில் சைக்ளிக், இரண்டு காலிலும் பெடல். ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்பதற்கு நான்கும் ஓயாமல் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை எப்படியும் கற்றுக்கொண்டுவிடலாம். கற்று முடியாதது காற்று. உயரம் ஏற ஏற, வெயில் ஏற ஏற, காற்று மெலிகிறது. ரோட்டருக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினின் வலுவும் குறைகிறது. சமவெளியில் ஐந்து பேரைச் சுமக்கும் சீட்டா ஹெலிகாப்டர், சியாச்சினில் 20,000 அடியை ஒட்டிய காவல் நிலைகளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோதான் கொண்டுபோகும். ஒரு கேன் மண்ணெண்ணெய், அவ்வளவுதான். 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை அந்தப் பனிமலையில் கால் வைத்ததிலிருந்து இப்படிக் கேன் கேனாகத்தான் அங்குள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

அங்கே பொழுது விடியும்போதே பறக்கத் தொடங்கிவிடுவோம். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். பத்து மணி தாண்டினால் பள்ளத்தாக்கில் காற்று புரளத் தொடங்கும். இரண்டு இரண்டு ஹெலிகாப்டராகத்தான் போவோம், ஒன்று விழுந்தால் எங்கே விழுந்தது என்று சொல்லவாவது ஆள் வேண்டும். இறங்குதளம் என்பது சமன்படுத்திய பனித்திட்டு, சறுக்குச் சட்டங்கள் வைக்க மட்டும் இடம். நெருங்கும்போது ரோட்டர் காற்றில் பனித்தூள் எழும்பிச் சுற்றிலும் வெள்ளையாகிவிடும். எது மேல், எது கீழ் என்பதே தெரியாது. அதனால் ஓரத்தில் ஒரு கறுப்புக் கேனையோ பாறையையோ குறியாக வைத்துக்கொண்டு கண்ணை அதைவிட்டு எடுக்காமல் இறங்க வேண்டும். அதற்கும் முன்னால், வரும் வழியிலேயே, இடது கையில் இன்னும் எவ்வளவு வலு மிச்சம் என்று பார்த்துவிட வேண்டும். போதாது என்றால் பள்ளத்தாக்கின் பக்கம் சாய்ந்து திரும்பிவிடலாம். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை. இறங்கியதும் எஞ்சினை நிறுத்துவதில்லை. அந்த உயரத்தில் நிறுத்தினால் மறுபடி உயிர்பெறும் என்று நம்ப முடியாது. ஜவான் ஒருவர் குனிந்து ஓடிவருவார், கேனை இழுப்பார், கட்டைவிரலைக் காட்டுவார். கிளம்பிவிடுவோம்.

கார்கில் போரில் இதே கணக்கு மனிதர்கள்மேல் வந்து உட்கார்ந்தது. திராஸுக்கு மேலே ஒரு சரிவில் காயம்பட்டவர்களைத் தோழர்கள் இரவெல்லாம் சுமந்து இறக்கியிருந்தார்கள். ராணுவ மருத்துவர் என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். நான் ஒன்று காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எரிபொருளை மறுபடி கணக்குப் போட்டேன். கருவிப் பெட்டியை இறக்கினோம். போதவில்லை. என் துணை விமானி ஒன்றும் பேசாமல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, "நீங்க போங்க சார், அடுத்த நடையில வந்து என்னைக் கூட்டிக்கோங்க" என்றார். குண்டு விழுந்துகொண்டிருந்த இடம் அது. இரண்டு ஸ்ட்ரெச்சரும் ஏறின.

எல்லா இடத்துக்கும் அப்படிப் போக முடியவில்லை. எதிரி உச்சியில் இருக்கும்போது ஹெலிகாப்டர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கிறது. பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கு முந்தின நாள் தோலோலிங் மலையருகே நம் எம்ஐ-17 ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது. ஃபிளைட் லெப்டினென்ட் முகிலன் உட்பட நான்கு பேர் போய்விட்டார்கள். ஏவுகணையைத் திசைதிருப்பும் தீச்சுடர்க் கருவி, அன்று சேர்ந்து பறந்தவற்றில் அந்த ஹெலிகாப்டரில் மட்டும் இல்லை. அதன்பிறகு எம்ஐ-17-களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அந்த நால்வரிடமும் துணிச்சலுக்குக் குறைவில்லை. தரையில் இருந்தபோதே பொருத்தியிருக்க வேண்டிய ஒரு கருவிதான் இல்லை.

போருக்குப் பிறகு உடம்பு பேசும். கலெக்டிவுக்காக இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்தே உட்கார்ந்த முதுகு ஒருபோதும் நேராவதில்லை. எஞ்சின் இரைச்சலில் போன காது திரும்பி வராது. ஆனால் என்னை அதிகம் வருத்தியது வேறு. ஸ்ரீநகர் ராணுவ மருத்துவமனைத் தளத்தில் ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் என் வேலை முடிந்துவிடும். யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பது எனக்கு வந்து சேராது. பல வருடங்கள் இரவில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து பேசும் வழக்கம் இல்லை. பேசியிருக்க வேண்டும். இன்று பறக்கிற பிள்ளைகளிடம் நான் அதைச் சொல்கிறேன்: மனைவியிடம், நண்பனிடம், மருத்துவரிடம், யாரிடமாவது சொல்லுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது தாம்பரத்திலிருந்து சேத்தக் ஹெலிகாப்டரில் பறந்தேன். கடல்மட்டம், அதனால் வலுவுக்குக் குறைவில்லை. கேபிள் ஒயரும், துணிக்கொடியும், பறக்கக் காத்திருக்கும் தகரக் கூரையும்தான் ஆபத்து. ஒரு மொட்டை மாடிக்கு மேல் நிற்கும்போது வின்ச் இயக்குபவர் இண்டர்காமில் சொன்னார்: "சார், அந்தப் பாட்டி பையை விட்டுட்டு வர மாட்டேங்கறாங்க. வீட்டுப் பத்திரமெல்லாம் அதுலதான் இருக்காம்." மலையில் இருந்தவரை ஒவ்வொரு கிலோவுக்கும் முடியாது என்றே சொல்லிப் பழகிய நான், "தாராளமா ஏத்துங்க" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது என் கவலை சீட்டாவைப் பற்றியது. நம் இமயமலைத் தேவையை மனதில் வைத்துப் பிரான்சில் உருவாகி 1969-ல் முதன்முதலாகப் பறந்த லாமாதான் அது. 1972-ல் 12,442 மீட்டர் உயரம் தொட்ட ரகம். அதன்மேல் எனக்கு இருக்கும் மரியாதை சாகும்வரை போகாது. ஆனால் ஒற்றை எஞ்சின், பழைய கருவிகள், வயதான உடல். 2015-லேயே ராணுவ அதிகாரிகளின் மனைவியர் சிலர் பாதுகாப்பு அமைச்சரை நேரில் பார்த்து இவற்றை ஓய்வுபெறச் செய்யும்படி கேட்டார்கள். அதற்கு மாற்றாக எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய இலகுரக ஹெலிகாப்டர் 2016-ல் பறந்துவிட்டது. லடாக்கின் உயரத்திலும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இனியும் தாமதிக்க நியாயம் இல்லை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது, சாலை, ரயில் பற்றிக் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: சீட்டா ஓட்டுகிற பிள்ளைகள் கையில் புது ஹெலிகாப்டர் எப்போது கிடைக்கும்?